ஒரு மின் நிறுவனத்தின் பசுமை வாக்குறுதியை அளந்து பார்ப்பது எப்படி?

வீட்டுக்கு வரும் ஈ.பி. கணக்கீட்டாளர் பார்ப்பது இரண்டே எண்களை: போன முறை ரீடிங், இந்த முறை ரீடிங். கழித்தால் வருவதுதான் பில். மின் நிறுவனம் ஒன்று ‘சுற்றுச்சூழல் பொறுப்பு’, ‘நிலைத்த வளர்ச்சி’, ‘நெட் ஜீரோ’ (வெளியேற்றுவதிலிருந்து உள்வாங்குவதைக் கழித்தால் பூஜ்யம்) என்றெல்லாம் வெளியிடும் திட்டத்தையும் இதே கண்ணோடு படிக்கலாம். எந்த ஆண்டு ரீடிங்கிலிருந்து கணக்கு தொடங்குகிறது? இப்போது எவ்வளவு? அந்த மீட்டர் எதையெல்லாம் அளக்கிறது, எதை அளக்காமல் விட்டிருக்கிறது? இதற்கெல்லாம் அறிக்கையில் பதில் இருந்தால் அது திட்டம். இல்லையென்றால் அட்டையில் காற்றாலைப் படம் போட்ட விளம்பரம்.

முதலில் அளவு பிடிபட வேண்டும். 500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்றை, அதாவது ஒரு கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த தொகுதியை, எடுத்துக்கொள்வோம். முழுத் திறனில் ஓடினால் மணிக்கு 5 லட்சம் யூனிட். நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் எரியும். மணிக்கு 350 டன், நாளுக்கு 8,400 டன். 58 வேகன் கொண்ட சரக்கு ரயில், அதாவது ஒரு ரேக், ஏறக்குறைய 4,000 டன் கொண்டுவரும். தினமும் இரண்டு ரேக் வந்தால்தான் இந்த ஒரே அலகுக்குப் பசி அடங்கும்.

எரிவதென்றால் கரியில் உள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வது. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகும். அதனால்தான் உள்ளே போகும் கரியைவிட வெளியே போகும் வாயுவின் எடை கூடுதல். இந்தக் கணக்கில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 950 கிராம். நமது அலகு மணிக்கு 475 டன், நாளுக்கு 11,400 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும். நாடு முழுக்க நீர், காற்று, சூரியன், அணு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு 700 கிராமுக்குச் சற்று மேல். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்தச் சராசரியை வெளியிடுகிறது. எந்த நிறுவனத்தின் எண்ணையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அளவு தெரிந்ததும், மரக்கன்று விழாக்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கும் என்று பொதுவாகக் கொள்வார்கள். இந்த ஒரு அலகு ஒரே நாளில் வெளியேற்றுவதை ஓராண்டில் ஈடுகட்ட 5 லட்சத்து 70 ஆயிரம் வளர்ந்த மரங்கள் வேண்டும். சராசரியாக 75 விழுக்காடு திறனில் ஓடினால் ஆண்டு முழுவதற்கும் 15 கோடிக்கு மேல். ஹெக்டேருக்கு 1,000 மரம் நட்டால் ஏறத்தாழ 1,560 சதுர கிலோமீட்டர். அதாவது சென்னை மாநகராட்சிப் பரப்பைப் போல மூன்றரை மடங்கு காடு. ஒரு அலகுக்கு! மரம் நடுவது நல்லதுதான். நிழல் தரும், கரித்தூசியைத் தடுக்கும், மண்ணைப் பிடிக்கும். புகைபோக்கிக் கணக்கை அது நேர் செய்யும் என்று யாரும் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

எதால் வகுத்தார்கள் என்று பாருங்கள்

ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் வகுத்தல். ‘எங்கள் உமிழ்வுச் செறிவு 10 விழுக்காடு குறைந்தது’ என்று ஒரு வரி இருக்கும். செறிவு என்றால் மொத்த உமிழ்வை எதாலோ வகுத்து வந்த எண். ஒரு நிறுவனம் 1,000 கோடி யூனிட் தயாரித்தபோது யூனிட்டுக்கு 950 கிராம் என்றால் மொத்தம் 95 லட்சம் டன். அடுத்த சில ஆண்டுகளில் நல்ல இயந்திரங்கள் வாங்கி 850 கிராமுக்கு இறக்கிவிட்டது. ஆனால் உற்பத்தி 1,300 கோடி யூனிட் ஆகிவிட்டது. மொத்தம் 110 லட்சம் டன்னைத் தாண்டும். செறிவு 10 விழுக்காடு குறைந்தது உண்மை. வானத்துக்குப் போனது 16 விழுக்காடு கூடியதும் உண்மை. முதல் உண்மையைப் பெரிய எழுத்திலும் இரண்டாவதை அட்டவணையின் மூலையிலும் பார்ப்பீர்கள்.

இதைவிட நுட்பமானது ரூபாயால் வகுப்பது. இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து ‘பி.ஆர்.எஸ்.ஆர்.’ எனப்படும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஆண்டறிக்கையோடு சேர்ந்தே வரும். அதில் 9 கோட்பாடுகள், சுற்றுச்சூழலுக்கு 6-வது. அங்கே ஆற்றல், தண்ணீர், உமிழ்வு எல்லாவற்றையும் ‘ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு’ என்றும் கேட்டிருக்கும். மென்பொருள் நிறுவனத்தையும் சிமென்ட் ஆலையையும் ஒரே படிவத்தில் அடக்க வேண்டுமே, அதற்காக. மின் நிறுவனத்துக்கு இது பொருந்தாத அளவுகோல். மின்கட்டணம் ஏறினால் விற்றுமுதல் ஏறும். ஒரு கிராம் கரிகூட மிச்சமாகாமலேயே ‘ரூபாய்க்கான உமிழ்வு’ இறங்கும். அந்த வரியை விட்டுவிட்டு மொத்த டன்னையும், யூனிட்டுக்கான கிராமையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு, போன ஆண்டு என இரண்டு நிரல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நாலைந்து ஆண்டு அறிக்கைகளைச் சேர்த்து வைத்தால் முழு மீட்டர் அட்டை கையில் வந்துவிடும். அறிக்கையின் தொடக்கத்திலேயே இது தாய் நிறுவனத்துக்கு மட்டுமா, துணை நிறுவனங்களையும் சேர்த்தா என்று ஒரு வரி இருக்கும். அதைத் தவறவிட வேண்டாம். புதிய நிலக்கரி நிலையம் கூட்டு நிறுவனத்தின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

யூனிட்டுக்கான கிராம் ஏறினால் உடனே குற்றம் சொல்லவும் கூடாது. பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது நிலக்கரி அலகை 55 விழுக்காடு வரை இறக்கி ஓட்டச் சொல்வார்கள். மாலை 6 மணிக்கு மேல் மறுபடி ஏற்ற வேண்டும். முழுச் சுமைக்கென்று வடிவமைத்த கொதிகலனும் டர்பைனும் பாதிச் சுமையில் சோம்பிவிடும்; ஒரு யூனிட்டுக்குக் கூடுதல் கரி தின்னும். தீச்சுடர் அணையாமல் இருக்கச் சில நேரம் எண்ணெயும் ஊற்ற வேண்டும். ஆக, நாட்டின் மொத்தக் கரி குறைந்து, அந்த நிலையத்தின் யூனிட் கணக்கு மட்டும் மோசமாகத் தெரியலாம். அதனால்தான் இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறோம்.

மீட்டர் எங்கே மாட்டியிருக்கிறது?

உமிழ்வைக் கணக்கிட உலகம் முழுக்க மூன்று வட்டங்கள் பயன்படுகின்றன. ஸ்கோப் 1 என்பது நிறுவனத்தின் சொந்தக் கொதிகலன், சொந்த வண்டி, சொந்த ஜெனரேட்டர் வெளியேற்றுவது. ஸ்கோப் 2 அது வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்கானது. ஸ்கோப் 3 மற்ற எல்லாம்: வாங்கும் பொருளை யாரோ தயாரித்தபோது வந்தது, விற்ற பொருளை யாரோ எரித்தபோது வந்தது என 15 வகைகள்.

அனல் மின் நிலையத்துக்கு ஸ்கோப் 1-தான் மலை. மற்ற இரண்டும் மடு. மின்சாரத்தை வாங்கி விநியோகிக்கும் நிறுவனத்துக்கு வேறு மாதிரி. கம்பியில் வீணாகும் மின்சாரம் அதன் ஸ்கோப் 2-ல் வரும். ஆகவே இழப்பைக் குறைப்பதே அதன் முதல் பசுமை வேலை. கரியையோ பெட்ரோலையோ விற்கும் நிறுவனத்துக்கோ எல்லாம் தலைகீழ். சுத்திகரிப்பு ஆலையில் வெளியாவது சிறு பங்கு. நம் வண்டியில் எரிவதுதான் பெரும்பங்கு, அது ஸ்கோப் 3. இந்தியன் ஆயில் 2046-லும் பாரத் பெட்ரோலியம் 2040-லும் நெட் ஜீரோ அடைவதாக அறிவித்திருப்பது ஸ்கோப் 1, 2 வட்டங்களுக்கு. பங்க்கில் நாம் போடும் பெட்ரோல் அந்த வட்டத்துக்குள் இல்லை. இது ரகசியமில்லை, அறிவிப்பிலேயே இருக்கிறது. தலைப்பை மட்டும் படிக்கிறவர்களுக்குத்தான் அது தெரியாமல் போகிறது. பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்திலும் ஸ்கோப் 1, 2 கட்டாயப் பகுதியில் இருக்கிறது; ஸ்கோப் 3 விரும்பினால் நிரப்பும் பகுதியில் இருக்கிறது.

ஸ்கோப் 1-க்குள்ளேயே அதிகம் பேசப்படாத ஒரு சில்லறை உண்டு. துணை மின் நிலையங்களில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களுக்குள் தீப்பொறியை அணைக்க எஸ்.எஃப்.6 என்ற வாயு அடைத்திருப்பார்கள். 1 கிலோ கசிந்தால் 23 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதற்குச் சமம். நிறமோ வாசனையோ இல்லை. கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஸ்டோர் பதிவேடு போதும். புது பிரேக்கர் எதுவும் மாட்டாத ஆண்டில் ‘டாப்-அப்’ செய்ய 10 சிலிண்டர் வாங்கியிருந்தால், அந்த 10 சிலிண்டர் வாயுவும் எங்கே போயிருக்கும்? காற்றில்தான்.

மெகாவாட்டும் யூனிட்டும்

‘2030-க்குள் இத்தனை ஆயிரம் மெகாவாட் சூரிய மின்சாரம்’ என்பது எல்லாத் திட்டங்களிலும் உள்ள வரி. மெகாவாட் என்பது திறன். தண்ணீர்க் குழாயின் அகலம் மாதிரி. எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது குழாய் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்பதைப் பொறுத்தது. 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா 20 விழுக்காடு பயன்பாட்டில் ஆண்டுக்கு 175 கோடி யூனிட் தரும். 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் 75 விழுக்காட்டில் 657 கோடி. பாதித் திறன் பசுமையாகிவிட்டது என்று சொல்லும் நிறுவனம் அந்த வேளையில் ஐந்தில் நான்கு பங்கு மின்சாரத்தைக் கரியிலிருந்தே தந்துகொண்டிருக்கலாம். நாட்டுக்கும் இதே கதை: 2025 ஜூனில் இந்தியாவின் நிறுவு திறனில் பாதி கரி, எண்ணெய், எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாததாகிவிட்டது, 2030-க்கென வைத்த இலக்கு ஐந்தாண்டு முன்னதாகவே நிறைவேறியது. மின் உற்பத்தியிலோ கரியின் பங்கு இன்னும் பத்தில் ஏழு. இரண்டும் சரியான எண்கள்தான்.

எனவே எத்தனை மெகாவாட் சேர்க்கிறார்கள் என்பதோடு, எந்தப் பழைய அலகை எந்த ஆண்டு மூடுகிறார்கள் என்று தேடுங்கள். சேர்ப்பதற்குப் பக்கம் பக்கமாக இருக்கும். மூடுவதற்கு ஒரு வரி இருந்தாலே பெரிது.

சாம்பல்

கார்பன் கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் தெரியும். ஊர்க்காரர்கள் முதலில் சண்டை போடுவதும் இதற்காகத்தான். இந்தியக் கரியில் சாம்பல் மிக அதிகம். 34 விழுக்காடு என்று வைத்தால் நமது அலகிலிருந்து நாளுக்கு 2,800 டன்னுக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியில் கட்டியாக விழும். மீதி நான்கு பங்கு மாவாகப் பறந்து புகையோடு போகும். இதுதான் ஃப்ளை ஆஷ். புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் இ.எஸ்.பி. என்ற பெரிய பெட்டிக்குள் உயர் மின்னழுத்தத் தகடுகள் அந்தத் துகள்களை ஈர்த்துப் பிடிக்கும். தகடுகளைச் சுத்தியலால் தட்டினால் சாம்பல் கீழே உள்ள கூம்புக்குள் கொட்டும்.

அங்கிருந்து இரண்டு வழி. காற்றழுத்தத்தில் உலர்வாக இழுத்து சைலோ என்ற உயரமான கொள்கலனில் சேர்த்து, மூடிய பல்கர் லாரிகளில் சிமென்ட் ஆலைக்கு அனுப்பலாம். ஃப்ளை ஆஷ் மட்டுமே 30 டன் லாரியில் தினம் 75 லோடு ஆகும். அல்லது தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளலாம். பழைய முறையில் 1 பங்கு சாம்பலுக்கு 5 பங்குக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். எல்லாச் சாம்பலையும் இப்படித் தள்ளினால் நாளுக்கு 1 கோடியே 40 லட்சம் லிட்டர். அந்தக் குழாயின் உட்புறத்தைச் சாம்பல் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அடிப்பகுதிதான் முதலில் மெலியும்; ஆகவே குழாயை அவ்வப்போது உருட்டித் திருப்பி வைப்பார்கள். அதைச் செய்யாமல் விட்ட இடத்தில் ஓட்டை விழும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுவதன் பின்னணியில் இப்படிக் குழாய்களில் ஏற்பட்ட கசிவும் இருக்கிறது. குளத்தின் கரையே உடைந்தால் இன்னும் கொடுமை. 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் சிங்க்ரௌலி வட்டாரத்தில், சாசன் என்ற இடத்தில் சாம்பல் குளம் உடைந்து 6 பேர் உயிரிழந்தார்கள்.

2021 டிசம்பர் 31-ல் வந்த அறிவிக்கையின்படி நிலக்கரி நிலையங்கள் சாம்பலை 100 விழுக்காடும் பயன்படுத்தியாக வேண்டும். மிச்சத்துக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. அறிக்கைகளில் சில நேரம் ‘105 விழுக்காடு பயன்பாடு’ என்று பார்த்துத் திகைப்பீர்கள். தவறில்லை. அந்த ஆண்டு உருவானதோடு, குளத்தில் பழையதாகக் கிடந்ததையும் அள்ளி அனுப்பினால் நூறைத் தாண்டும். கேட்க வேண்டியது எங்கே போனது என்பது. சிமென்ட்டுக்குப் போனால் முதல் தரம்: போர்ட்லாண்ட் பொசோலானா சிமென்ட்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை ஃப்ளை ஆஷ் சேர்க்கலாம், அந்த அளவுக்குச் சுண்ணாம்பைச் சுட்டு கிளிங்கர் தயாரிக்கும் வேலை மிச்சம். செங்கலுக்குப் போனால் களிமண் மிச்சம், சூளை விறகு மிச்சம். ‘தாழ்வான நிலத்தை நிரப்ப’ என்று எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். கணக்கில் அதுவும் ‘பயன்பாடு’. ஆனால் அடியில் தடுப்பு இல்லாமல் கொட்டி மேலே மண்ணும் மூடாவிட்டால், சாம்பல் குளத்தை வேறு ஊருக்கு மாற்றியதாகவே ஆகும். சாம்பலில் உள்ள ஆர்செனிக் போன்றவை மழைநீரோடு இறங்கும்.

மழைக்காலம்தான் சாம்பல் பிரிவுக்குச் சோதனை. கட்டுமானம் நின்றுவிடும், சிமென்ட் ஆலை எடுக்காது. சைலோ ஓரிரு நாளில் நிரம்பும். கொதிகலனை நிறுத்த முடியாது. வேறு வழியின்றிக் குளத்துக்கே திருப்புவார்கள், அதுவும் மழையில் ஏற்கெனவே தளும்பும் குளத்துக்கு. நல்ல திட்டத்தில் இந்த மாதங்களுக்குக் கூடுதல் சைலோ, ரயில் வழியே தொலைதூர சிமென்ட் ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு என்று ஏதாவது இருக்கும்.

கந்தகமும் தண்ணீரும்

கரியில் அரை விழுக்காடு கந்தகம் இருந்தால், மணிக்கு எரியும் 350 டன்னில் ஒன்றேமுக்கால் டன் கந்தகம்; ஆக்சிஜனோடு சேர்ந்து இருமடங்காகி மூன்றரை டன் சல்ஃபர் டை ஆக்சைடு. காற்றில் இது நுண்துகளாக மாறி நெடுந்தூரம் போகும். 500 மெகாவாட் அலகுகளுக்கு 275 மீட்டர் புகைபோக்கி கட்டச் சொன்ன விதி வாயுவைக் குறைப்பதற்கன்று, பரவலாக்குவதற்கு. குறைக்க வேண்டுமானால் எஃப்.ஜி.டி. கருவி வேண்டும். சுண்ணாம்புக்கல்லை அரைத்துக் கூழாக்கிப் புகையின் மேல் மழையாகப் பொழிய வைப்பார்கள். கந்தகம் ஜிப்சமாகி வெளியே வரும். நமது அலகுக்கு மணிக்கு ஐந்தரை டன் சுண்ணாம்புக்கல், ஒன்பது டன் ஜிப்சம். இதுவும் இலவசமில்லை: அந்தக் கருவியை ஓட்டவே நிலையத்தின் மின்சாரத்தில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகும், சுண்ணாம்புக்கல் கரையும்போது கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் வரும்.

இதற்கான வரம்பு 2015 டிசம்பரில் இரண்டாண்டு அவகாசத்தோடு வந்தது. அவகாசம் திரும்பத் திரும்ப நீண்டு, 2025 ஜூலையில் விதியே தளர்ந்தது. தலைநகர் வட்டாரம், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம் ஆகியவற்றிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு 2027 இறுதி கெடு. மாசு மிகுந்த இடங்களுக்கு அருகில் இருப்பவற்றுக்குத் தனித்தனி முடிவு. மற்ற பெரும்பாலானவற்றுக்கு, புகைபோக்கி உயரம் விதிப்படி இருந்தால் விலக்கு. எனவே ‘எல்லா விதிகளையும் பின்பற்றுகிறோம்’ என்ற வரி இப்போது முன்புபோல் பொருள் தராது. ஒரு கன மீட்டர் புகையில் எத்தனை மில்லிகிராம் மாசு என்ற எண்ணையே கேளுங்கள். அதுவும் 6 விழுக்காடு ஆக்சிஜனுக்குத் திருத்திய எண்ணா என்று பாருங்கள். குழாயில் எங்கோ காற்று புகுந்தால் புகை நீர்த்து, மாசு குறைந்ததுபோல் மீட்டர் காட்டும். அந்தத் தவறைச் சரிசெய்யவே இந்தத் திருத்தம்.

தண்ணீருக்குக் குளிர்விப்புக் கோபுரம் உள்ள நிலையத்தின் வரம்பு யூனிட்டுக்கு 3.5 லிட்டர். 2017-க்குப் பிறகு வந்தவற்றுக்கு 3 லிட்டர், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. கடல்நீர் நிலையங்களுக்கு இது பொருந்தாது. அங்கே எடுத்த நீரின் அளவைவிட, திரும்ப விடும் நீர் எத்தனை டிகிரி சூடு என்பதே கேள்வி.

எரிபொருள் மாறினால் கேள்வியும் மாறும்

நெய்வேலியில் இந்தச் சாம்பல் பாடத்தை ஒப்பித்தால் பாதிதான் பொருந்தும். அங்கே எரிவது பழுப்பு நிலக்கரி. பாதி எடை ஈரம். சாம்பல் பொதுவாக 10 விழுக்காட்டுக்கும் கீழே. பிரச்சினை சுரங்கத்தில் இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரும்பொருளும் சேர்ந்து வந்ததாகவே நெய்வேலியின் கதை தொடங்குகிறது. அந்தத் தண்ணீர் இன்றும் விடவில்லை. கரிப் படிவத்துக்கு அடியில் உள்ள மணற்பாறையில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. மேலே உள்ள மண்ணை அள்ளிவிட்டால் பாரம் குறைந்து, கீழிருந்து நீர் சுரங்கத் தளத்தையே பிளந்து பொங்கும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகளில் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சுரங்கம் மூழ்கும், தொடர்ந்தால் சுற்று வட்டாரக் கிணறுகளின் மட்டம் இறங்கும். இறைத்த நீரை நிலையத்துக்கும் குடிநீருக்கும் தருவது நல்ல காரியம்தான். என்றாலும் படிக்கும்போது தேட வேண்டியது ‘எவ்வளவு தந்தோம்’ என்பதைவிட, சுற்றியுள்ள அளவீட்டுக் கிணறுகளில் மட்டம் ஆண்டுக்காண்டு எத்தனை மீட்டர் என்ற அட்டவணை.

மண்ணும் அப்படித்தான். 1 டன் கரிக்கு 5 கன மீட்டருக்கு மேல் மண்ணைப் புரட்ட வேண்டும். மேலே உள்ள ஓரிரு அடி மண்தான் விளைமண். அதைத் தனியே அள்ளி, தனியே வைத்து, பள்ளத்தை மூடியபின் மறுபடி மேலே பரப்ப வேண்டும். அடிமண்ணோடு கலந்துவிட்டால் முந்திரியும் தைலமரமும்தான் வரும், நெல் வராது. ‘இத்தனை ஹெக்டேர் பசுமையாக்கினோம்’ என்ற வரியில் அது தோப்பா, வயலா, யார் கையில் திரும்பிப் போனது என்று இருக்காது. 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பு எந்த உமிழ்வு அட்டவணையிலும் இடம்பெறாத வகை. இன்னொரு பக்கம், சோவியத் உதவியோடு கட்டி 1962 முதல் ஓடிய 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையத்தை 2020-ல் மூடி, 1,000 மெகாவாட் புதிய நிலையத்தைக் கொண்டுவந்தது யூனிட் கணக்கில் உண்மையான முன்னேற்றம். மொத்த டன் கணக்கு வேறு என்பதை மேலே பார்த்தோம்.

சொன்னதைச் செய்து காட்டிய ஒரு நிறுவனம்

டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் இப்படிப்பட்ட திட்டங்களுக்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டு. 2006-ல் ஆறு நிறுவனங்கள் இணைந்து டாங் எனர்ஜி என்ற பெயரில் பிறந்தபோது அது கரியும் எண்ணெயும் எரிவாயுவும்தான். 2009-ல் ‘85 பங்கு கருப்பு, 15 பங்கு பச்சை என்பதை 2040-க்குள் தலைகீழாக்குவோம்’ என்றார்கள். 2019-லேயே முடித்தார்கள். அடிப்படை ஆண்டு 2006 என்று வைத்து, 2025-க்குள் யூனிட்டுக்கான உமிழ்வை 98 விழுக்காடு குறைப்பது என்று இலக்கு வைத்தார்கள். தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, அளவு மூன்றும் அதில் இருக்கின்றன.

அதிலும் உரித்துப் பார்க்க வேண்டியவை உண்டு. 2017-ல் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை இனியோஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். விற்பவரின் கணக்கு இறங்கும். கிணறு ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிச் சொத்தை விற்றால் அடிப்படை ஆண்டின் எண்ணையும் திருத்த வேண்டும் என்பது கணக்கியல் விதி. சில கரி நிலையங்களை மரத்துகள் உருண்டைக்கு மாற்றினார்கள். மரம் எரியும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு மூன்று ஸ்கோப்களிலும் சேராது, மரம் மறுபடி வளர்ந்து உள்வாங்கிக்கொள்ளும் என்ற கருத்தில் தனியே எழுதப்படும். வளர எத்தனை ஆண்டு ஆகும் என்பது வேறு வழக்கு. கரியை 2023-ல் நிறுத்துவதாக இருந்தது; உக்ரைன் போர் வந்து, மின்சாரத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய டேனிஷ் அரசு 2024 ஜூன் 30 வரை ஓட்டச் சொன்னது. கடைசிக் கரி நிலையம் எஸ்பியர்கில் 2024 ஆகஸ்டில் நின்றது. வட்டியும் விலைவாசியும் ஏறியதில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடலில் திட்டமிட்ட இரண்டு காற்றாலைப் பூங்காக்களை 2023-ல் கைவிட்டு, 2030-க்கான 50 கிகாவாட் இலக்கை 35–38 ஆகக் குறைத்தார்கள். பெயர்பெற்ற திட்டமே இப்படிச் சறுக்கும். சறுக்கியது எவ்வளவு, எதனால் என்று நாம் சொல்ல முடிவதே முதலில் எண்ணும் ஆண்டும் எழுதி வைத்ததால்தான்.

நம் ஊரில் எங்கே பார்ப்பது?

பளபளப்பான ஆண்டறிக்கையைவிட உதவும் காகிதம் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் அனுமதியில் விதித்த நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் பதில் என்று எளிமையாக இருக்கும். முதலில் அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுத்து நிபந்தனை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்தடுத்த மூன்று அரையாண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்து ஒரே நிபந்தனையின் பதிலை மட்டும் படியுங்கள். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’, ‘பின்பற்றப்படும்’ என்று மூன்றிலும் ஒரே வாசகம் வந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள். தூசி அளவு, கிணற்று மட்டம், சாம்பல் லோடு என எண்கள் இருக்கும் இடத்தில், மூன்று அறிக்கையிலும் அதே எண் தசமம்கூட மாறாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்திலும் கோடையிலும் காற்றில் உள்ள தூசி ஒன்றுபோல இருக்காது. அப்படி இருந்தால், பழைய பக்கத்தையே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.